நின்றால் சூடு, ஓடினால் ஆறுதல்: ஃபேன் கிளட்ச்சைச் சோதிப்பதும் மாற்றுவதும்

கேள்வி இது: "டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஏசியும் குளிர்வதில்லை. வேகமாக ஓட்டினால் இரண்டும் சரியாகிவிடுகின்றன. ஃபேன் கிளட்ச் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். ஆனால் இன்ஜின் ஓடும்போது விசிறி சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது? எப்படி உறுதி செய்வது, நானே மாற்ற முடியுமா?"

மெக்கானிக் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃபேன் கிளட்ச் என்பது இன்ஜினின் சுழற்சியை ரேடியேட்டர் விசிறிக்குத் தேவைக்கேற்பக் கடத்தும் இணைப்பு. ஆனால் விசிறி சுற்றுகிறது என்பது கிளட்ச் நன்றாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. முழுக்கப் பழுதான கிளட்ச்சில்கூட விசிறி சுற்றும். பேரிங்கின் உரசலே அதை இழுத்துப் போகும். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சூடு ஏறியதும் கிளட்ச்சின் பிடி மாறுகிறதா? குளிர்ந்திருக்கும்போது தளர்வு, சூடானதும் இறுக்கம். இந்த வித்தியாசம் இருந்தால் கிளட்ச் உயிரோடு இருக்கிறது, இல்லாவிட்டால் போய்விட்டது. மற்ற சோதனைகள் எல்லாம் இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளும் வெவ்வேறு வழிகள்தான்.

முதலில் உங்கள் வண்டியில் ஃபேன் கிளட்ச் இருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். இன்ஜின் குறுக்காக அமைந்த பெரும்பாலான கார்களில் மோட்டாரில் ஓடும் மின்விசிறிதான் இருக்கும். கிளட்ச்சுக்கு வேலையே இல்லை. இன்ஜின் நீளவாட்டில் அமைந்து, வாட்டர் பம்ப் புல்லியின் முன்னால் விசிறியும், அதன் நடுவில் துடுப்பு துடுப்பாக அலுமினியத் தட்டு ஒன்றும், அந்தத் தட்டின் முகத்தில் சுருளாகவோ பட்டையாகவோ ஒரு தகடும் தெரிந்தால் அதுதான் விஸ்கஸ் ஃபேன் கிளட்ச், அதாவது கெட்டியான ஆயிலால் பிடிக்கும் வகை. ஜீப் வகை வண்டிகள், பிக்கப், வேன், சிறிய லாரிகளில் இது சாதாரணம். பெரிய லாரிகளில் காற்றழுத்தத்தால் இயங்கும் கிளட்ச்சும் உண்டு. அது வேறு கதை. இங்கே சொல்வது விஸ்கஸ் வகைக்கு மட்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் சோதனைகளின் அர்த்தம் தானாகப் புரியும். கிளட்ச்சுக்குள் இரண்டு அறைகள். ஒன்று சேமிப்பு அறை, இன்னொன்று வேலை செய்யும் அறை. வேலை அறையில், புல்லியோடு சுற்றும் வட்டத் தகட்டின் வரிப்பள்ளங்களும் விசிறியைத் தாங்கும் உறையின் வரிப்பள்ளங்களும் ஒன்றுக்குள் ஒன்று உரசாமல் நுழைந்து நிற்கும். அந்தக் குறுகிய இடைவெளியில் கெட்டியான சிலிக்கான் ஆயில் புகுந்தால் தகட்டின் சுழற்சி உறைக்குத் தொற்றும். ஆயில் இல்லாவிட்டால் தொற்றாது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானதும் முன்னால் இருக்கும் பைமெட்டல் சுருள் (இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த, சூட்டில் வளையும் தகடு) முறுக்கி, உள்ளே ஒரு சிறு வால்வைத் திருப்பும். சேமிப்பு அறையிலிருந்து ஆயில் வேலை அறைக்குப் பாயும். காற்று ஆறினால் வால்வு மூடும்; தகட்டின் விளிம்பில் இருக்கும் தடுப்பு, சுற்றும் வேகத்திலேயே ஆயிலைத் திரும்பச் சேமிப்பு அறைக்குத் தள்ளிவிடும்.

தளர்ந்த நிலையில் விசிறி, புல்லி வேகத்தில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் சுற்றும். பிடித்த நிலையில் 70 முதல் 90 சதவீதம் வரை போகும். நூறு சதவீதம் எப்போதும் வராது, வரவும் கூடாது. விசிறி இழுக்கும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. இன்ஜின் உச்ச வேகத்தில் இருக்கும்போது விசிறியை நேரடியாகப் பூட்டி வைத்தால் எரிபொருள் வீணாவது ஒரு பக்கம், இலைகள் தாங்காமல் பிய்த்துக்கொண்டு பறப்பது இன்னொரு பக்கம். அதனால்தான் கிளட்ச்சை வெல்டு வைத்தோ போல்ட் போட்டோ நிரந்தரமாகப் பூட்டிவிடும் 'வைத்தியத்தை' நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. அப்படிப் பூட்டிய வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்து ஆக்சிலரேட்டர் கொடுக்கிறார்கள் என்றால் பக்கத்தில்கூட நிற்காதீர்கள்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். நின்றால் சூடு, ஓடினால் ஆறுதல் என்பது காற்றோட்டக் குறைவின் அடையாளம். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். நிற்கும்போதுதான் விசிறியின் தயவு தேவை. ஏசியும் நிற்கும்போது மட்டும் தளர்கிறது என்பது இதற்கு இன்னும் வலுச் சேர்க்கிறது, ஏனென்றால் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்கும் அதே காற்றுதான். இதற்கு நேர்மாறாக, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதும் மேட்டில் ஏறும்போதும் மட்டும் சூடானால் ஃபேன் கிளட்ச்சைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். அங்கே ரேடியேட்டர் உள்ளடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கிளட்ச்சைத் தொடுவதற்கு முன் செலவில்லாத சில பார்வைகள் உண்டு. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் அளவு பாருங்கள். பெல்ட் பளபளத்து வழுக்குகிறதா என்று பாருங்கள். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவசம் உடைந்தோ கழன்றோ இருந்தால், விசிறி ரேடியேட்டரிலிருந்து இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். பலர் கவனிக்காத இடம் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சந்து. முன்னாலிருந்து பார்த்தால் கண்டன்சர் சுத்தமாகத் தெரியும். பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் தூசியும் பூச்சியும் சருகும் மெத்தையாகப் படிந்திருக்கும். கண்டன்சருக்கு முன்னால் தனியாக ஒரு மின்விசிறி இருந்தால், ஏசி போட்டதும் அது ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இப்போது கிளட்ச். ஆறிய இன்ஜின், சாவி கையில். விசிறியைக் கையால் ஒரு வீச்சு சுற்றிவிடுங்கள். மெல்லிய தடையோடு கொஞ்சம் சுற்றி நிற்க வேண்டும். தடையே இல்லாமல் நான்கைந்து சுற்று ஓடினால் ஆயில் போய்விட்டது என்ற சந்தேகம் வலுக்கும். சுற்றவே மறுத்து இறுகி நின்றாலோ, கரகரவென்று பேரிங் சத்தம் கேட்டாலோ அதுவும் பழுதுதான். அடுத்து ஒரு இலையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். நுனியில் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் கிளட்ச் பேரிங் தேய்ந்துவிட்டது; மேற்கொண்டு சோதனையே வேண்டாம். ஆடுவது கிளட்ச்சா, அதற்குப் பின்னால் இருக்கும் வாட்டர் பம்ப் தண்டா என்பதை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு முகத்தைப் பாருங்கள். பைமெட்டல் சுருளின் நடுத் தண்டிலிருந்தோ, பின்பக்க பேரிங்கிலிருந்தோ கறுத்த பிசுபிசுப்பு வெளிப்பக்கமாகக் கதிர் கதிராகத் தெறித்திருந்தால் அது சிலிக்கான் ஆயில் கசிந்த தடம். மேலோட்டமாக லேசான ஈரப்பசை எல்லாப் பழைய கிளட்ச்சிலும் இருக்கும், அதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத வேண்டாம். தூசி ஒட்டிக் கட்டிதட்டி, கோடு கோடாக இருந்தால்தான் கணக்கு. சுருளுக்குள் சேறு இறுகி அது அசையாமல் போன வண்டிகளும் உண்டு. சுத்தம் செய்து மறுபடி சோதித்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

ஆறிய நிலையில் கையால் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அது பாதிச் சோதனை. சேமிப்பு அறை வால்வு திறக்காமல் மாட்டிக்கொண்ட கிளட்ச்கூட ஆறிய நிலையில் ஒழுங்காகத்தான் தெரியும். சூட்டில்தான் அதன் சாயம் வெளுக்கும்.

சூட்டுச் சோதனை இப்படி. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டையை வைத்துப் பாதிக்கு மேல் மறையுங்கள். அட்டை உள்ளே இழுபடாதபடி கட்டிவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு 2000 ஆர்பிஎம் அளவில் பிடித்துக்கொண்டு முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் முள் நடுவிலேயே நின்று ஏமாற்றும். ஒபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) கிடைத்தால் கூலன்ட் வெப்பத்தை அதிலேயே படிப்பது நல்லது. வழக்கமான அளவைக் கொஞ்சம் தாண்டும்போது விசிறியின் சத்தம் மாற வேண்டும். சீறலாக இருந்தது, கனத்த 'ஹோ'வென்ற இரைச்சலாக மாறும். கேட்டால் தெரியாமல் போகாது. உடனே அட்டையை எடுத்துவிட்டால் சில நிமிடங்களில் வெப்பம் இறங்கி இரைச்சலும் அடங்க வேண்டும். முள் சிவப்பை நெருங்கியும் இரைச்சல் வரவில்லை என்றால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். அட்டையை எடுத்து இன்ஜினை ஆறவிடுங்கள்.

இரைச்சல் வந்த நிலையில் இன்ஜினை அணைத்தால், தூரத்தில் நின்றபடியே இன்னொன்றையும் பார்க்கலாம். பிடித்திருக்கும் கிளட்ச் விசிறியை இன்ஜினோடு சேர்த்தே நிறுத்திவிடும். இன்ஜின் நின்ற பிறகும் விசிறி சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் பிடி இல்லை. சாவியை எடுத்த பிறகு கையால் சுற்றினால், காலையில் ஆறியிருந்தபோது உணர்ந்ததைவிடத் தெளிவான இறுக்கம் தெரிய வேண்டும். மின்விசிறியும் இருக்கும் வண்டி என்றால் சாவி எடுத்த பிறகும் அது திடீரென ஓடலாம். கையை எங்கே நீட்டுகிறீர்கள் என்பதில் கவனம். ஓடும் விசிறிக்குள் சுருட்டிய பேப்பரை நீட்டி நிற்கிறதா என்று பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். இன்னும் துல்லியம் வேண்டுமானால் ஒரு இலையில் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஒட்டி, ஒளியால் அளக்கும் டாக்கோமீட்டரில் விசிறியின் வேகத்தையும், அதேபோலப் புல்லியின் வேகத்தையும் அளந்து ஒப்பிடலாம்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. சூட்டுச் சோதனையில் கிளட்ச் பிடிக்கவில்லை என்பதாலேயே அது குற்றவாளி ஆகிவிடாது. பைமெட்டலுக்கு இன்ஜின் சூடு தெரியாது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்றின் சூடு மட்டும்தான் தெரியும். தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டால் இன்ஜின் கொதிக்கும், ரேடியேட்டரோ ஆறிக் கிடக்கும், கிளட்ச் நிம்மதியாகத் தூங்கும். ரேடியேட்டரின் நடுக் குழாய்கள் உள்ளே அடைத்துக்கொண்டால் ஓரங்கள் சுட்டுக்கொண்டிருக்க, கிளட்ச் முகத்துக்கு நேரே வரும் காற்று மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். அப்போதும் கிளட்ச் பிடிக்காது. புதுக் கிளட்ச் போட்ட பிறகும் 'அதே பிரச்சினை' என்று வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரால் ரேடியேட்டர் முகத்தை இடம் இடமாக அளந்தால் ஆறிய திட்டு எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும். கிளட்ச்சுக்கு நேரே ரேடியேட்டர் நன்றாகச் சுடுகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் கிளட்ச்தான். சந்தேகமே வேண்டாம்.

எதிர்ப்பக்கப் பழுதும் உண்டு: விடாமல் பிடித்தே இருப்பது. எப்போதும் இரைச்சல், இழுவைக் குறைவு, மைலேஜ் அடி, குளிரில் இன்ஜின் சூடாகவே நேரமாவது ஆகியவை அடையாளங்கள். ஆனால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நிமிடம் இரைந்துவிட்டு அடங்கினால் அது பழுதல்ல. இரவில் ஆயில் வேலை அறைக்குள் வடிந்து நின்றிருக்கும்; சுற்றத் தொடங்கியதும் திரும்பிப் போய்விடும். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் விஸ்கஸ் கிளட்ச் என்றால் அதில் வயரும் வேக சென்சாரும் உண்டு. ஸ்கேனர் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். கஷ்டமெல்லாம் இடமின்மையிலும் நட்டைக் கழற்றுவதிலும்தான். இன்ஜின் முழுக்க ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கெட்டியான அட்டை ஒன்றைச் செருகிவிடுங்கள். ஸ்பேனர் வழுக்கினால் ரேடியேட்டர் துடுப்புகளும் விரல்களும் தப்பும். கவசத்தின் திருகுகளை எடுத்துவிட்டால் பல வண்டிகளில் மேல்பாதி தனியாக வரும். சிலவற்றில் கவசத்தையும் விசிறியையும் ஒன்றாகத்தான் தூக்க முடியும்.

கிளட்ச் இரண்டு விதமாகப் பொருத்தப்பட்டிருக்கும். வாட்டர் பம்ப் புல்லியோடு நான்கு நட்டோ போல்ட்டோ போட்டுப் பிடித்திருப்பது எளிய வகை. பெல்ட் இழுத்த நிலையிலேயே நான்கையும் முதலில் தளர்த்திவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டால் புல்லி கூடவே சுற்றி உங்களைச் சோதிக்கும்.

இரண்டாவது வகையில் கிளட்ச்சின் பின்னாலேயே ஒரு பெரிய நட்டு இருக்கும். அது வாட்டர் பம்ப் தண்டில் நேரடியாக மரையேறியிருக்கும். இங்கே மரையின் திசை தெரியாமல் பலம் காட்டினால் பம்ப் தண்டே கெட்டுவிடும். திசையை நீங்களே கணக்குப் போடலாம். விசிறி காற்றோடு மல்லுக்கட்டுவதால் கிளட்ச் எப்போதும் தண்டைவிடப் பின்தங்கவே பார்க்கும். அந்தப் பின்தங்கல் நட்டை இறுக்கும்படிதான் மரை வெட்டியிருப்பார்கள். ஆகவே வண்டியின் முன்னால் நின்று பார்க்கும்போது பம்ப் கடிகாரத் திசையில் சுற்றினால் அது இடது மரை; கழற்றக் கடிகாரத் திசையில் திருப்ப வேண்டும். பெல்ட்டின் முதுகுப்பக்கம் பட்டு பம்ப் எதிர்த்திசையில் சுற்றும் வண்டிகளில் வழக்கமான வலது மரை. பிஎம்டபிள்யூவின் பழைய 3 சீரிஸ் வண்டிகளில் 32 மில்லிமீட்டர் நட்டு, இடது மரை. உங்கள் வண்டிக்குச் சர்வீஸ் மேனுவலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த நட்டுக்கு மெல்லிய, நீளக் கைப்பிடி ஸ்பேனர் வேண்டும். புல்லியைப் பிடிக்கும் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஸ்பேனரைப் பொருத்தி, கழற்றும் திசையில் அதன் நுனியில் சுத்தியலால் ஒரே வெட்டாக ஓர் அடி கொடுங்கள். மெதுவாக இழுத்தால் புல்லிதான் சுற்றும். சடாரென்ற அடிக்கு நட்டு விட்டுக்கொடுக்கும். விசிறி இலையைப் பிடித்துப் பலம் கொடுக்காதீர்கள். நெருப்பு காட்டிச் சூடாக்கவும் வேண்டாம், பம்ப் சீல் போய்விடும்.

விசிறி வெளியே வந்ததும் அவசரப்பட்டுப் புதுசை மாட்டாதீர்கள். புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பம்ப்பின் அடியில் இருக்கும் சிறு துளையருகே கூலன்ட் காய்ந்த கறை இருக்கிறதா பாருங்கள். ஆடும் கிளட்ச் பம்ப் பேரிங்கையும் சேர்த்துத் தின்றிருக்கும். பம்ப் பழையது என்றால் இப்போதே மாற்றிவிடுவது என் கட்சி. இதே வேலையை இன்னொரு முறை செய்ய யாருக்கும் ஆசை இருக்காது. விசிறி இலைகளின் அடிப்பகுதியை விரலால் தடவி விரிசல் தேடுங்கள். விரிசல் இருந்தாலோ ஒரு நுனி உடைந்திருந்தாலோ ஒட்டவோ நிமிர்த்தவோ முயலாமல் விசிறியையே மாற்றுங்கள்.

பழைய கிளட்ச்சையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்தி உயரம், போல்ட் துளைகளின் இடைவெளி, பைமெட்டலின் வகை மூன்றையும் ஒப்பிடுங்கள். உயரம் கொஞ்சம் மாறினாலும் விசிறி ரேடியேட்டரை முட்டும், அல்லது கவசத்துக்குள் சரியாக உட்காராது. சுழல் திசையும் பொருந்த வேண்டும். எதிர்த்திசைக் கிளட்ச் மாட்டினால் ஆயிலைத் திருப்பி அனுப்பும் தடுப்பு வேலை செய்யாது. புதுக் கிளட்ச்சைப் படுக்கப் போட்டு வைக்காதீர்கள், வண்டியில் நிற்கும் அதே நிமிர்ந்த நிலையில் வையுங்கள்.

விசிறியைப் புதுக் கிளட்ச்சில் பொருத்தும்போது எந்தப் பக்கம் முன்பக்கம் என்று பார்த்து, போல்ட்களைக் கையால் ஏற்றிய பிறகு எதிரெதிராக இறுக்குங்கள். பொருந்தும் முகங்களில் துரு, மண் இருக்கக் கூடாது. ஒரு துணுக்கு மாட்டினாலும் விசிறி கோணலாகச் சுற்றி அதிரும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு மேனுவலில் டார்க் அளவு இருக்கும். பெரிய நட்டை அசுர பலத்தில் இறுக்க வேண்டியதில்லை, ஓட்டமே அதை இறுக்கும். எல்லாம் மாட்டிய பிறகு விசிறியைக் கையால் முழுச் சுற்று சுற்றி, கவசத்தோடு எங்கேயும் உரசவில்லை என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நெருக்கமாக இருந்தால் இன்ஜின் மவுண்ட் இறங்கியிருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் சில நிமிடம் பெரிதாக இரைந்தால் பயப்பட வேண்டாம், ஆயில் இடம் மாறும் நேரம் அது. பிறகு அதே அட்டைச் சோதனையை ஒருமுறை செய்து முடித்துவிடுங்கள்.

கிளட்ச்சைத் திறந்து சிலிக்கான் ஆயில் ஊற்றிச் சரிசெய்ய முடியாதா என்றும் கேட்பார்கள். திருகு போட்டு மூடிய சில கிளட்ச்களில் முடியும். டொயோட்டா இதற்கென்றே சிறு குழாய்களில் சிலிக்கான் ஆயில் விற்கிறது, பல கெட்டித்தன்மைகளில். ஆனால் ஆயில் குறைந்தது எதனால்? சீலோ பேரிங்கோ போனதால்தான். அதை அப்படியே விட்டு ஆயிலை மட்டும் நிரப்பினால் மறுபடி கசியும். புதுக் கிளட்ச் கிடைக்கவே கிடைக்காத பழைய வண்டிக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

புதுக் கிளட்ச் கைக்கு வரும்வரை வண்டியை ஓட்டலாமா என்பது எந்தப் பழுது என்பதைப் பொறுத்தது. விடாமல் பிடித்திருப்பது என்றால் இரைச்சலோடும் எரிபொருள் செலவோடும் கொஞ்ச நாள் ஓடும். பிடிக்கவில்லை என்றால் நெரிசல் நேரத்தைத் தவிருங்கள், ஏசியை அணைத்து வையுங்கள். முள் ஏறினால் ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழுக் காற்றிலும் வையுங்கள், அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். அதற்கும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். இலையை ஆட்டியபோது பேரிங் ஆட்டம் தெரிந்த வண்டியை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த விசிறி எந்த நேரமும் ரேடியேட்டருக்குள் பாயலாம்.